சித்தப்பாவின் இத்தாலித் துவக்கு

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் சித்தப்பா நடத்திய தெப்பனர் என்கிற சின்ன மூலைக்கடைக்குள் இரண்டு பேர் புகுந்து, கழுத்தில் கத்தியை வைத்துக் காசுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டு போன வருடம், அவர் ஒரு துவக்கு வாங்கினார். அதைக் கடையில் வைத்திருக்கச் சட்டம் விடாது. ஆனால் கள்ளர் வீடு தேடி வந்தால் என்ன செய்வது என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. வராத கள்ளருக்காக வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், சுடுவதற்கென்று ஒரு கழகத்தில் சேர்ந்தார். கடைசியில், குசினி திருத்துவதற்கென்று சித்தி சேர்த்த காசு இத்தாலியில் செய்த ஒரு துவக்காக வீட்டுக்கு வந்தது. சித்தி ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

அதைக் காட்டுவதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பியர்பொன்ட்ஸில் இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நாங்கள் சென்ட் லோரன்டில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். புட்டும் இறைச்சிக் கறியும் முடிந்ததும் சித்தப்பா அப்பாவையும், சித்தியின் தம்பியையும், பிள்ளைகளான எங்களையும் நிலக்கீழ் அறைக்கு அழைத்துப் போனார். இரும்பு அலுமாரியைத் திறந்து, உள்ளிருந்த பெட்டியின் பூட்டையும் திறந்து, கோயிலில் தீபம் காட்டுபவரைப் போல அதை எடுத்து நீட்டினார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். அது துவக்கு மாதிரியே இல்லை. குழாய் மெலிந்து நீண்டிருந்தது. ரவைக்கூடு பிடிக்குள் இல்லாமல் விசைக்கு முன்னால் தொங்கியது. பிடியை மரத்தில், விரல்களுக்குப் பள்ளம் வைத்துக் கடைந்திருந்தார்கள். அப்பா சுவரில் துளை போடும் மெஷினுக்குத் தங்கை என்று சொல்லலாம். போட்டிகளில் சுடுகிறவர்கள் வைத்திருப்பது இதுதான் என்றார் சித்தப்பா. ரவை சின்னது என்றாலும் குறி தப்பவே தப்பாதாம்.

சித்தியின் தம்பி ஒரு கண்ணை மூடிச் சுவரைக் குறிபார்த்துவிட்டு, பாரம் காணாது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குத்தான் இந்த விலை என்றார் சித்தப்பா. அப்பா அதை வழுக்கும் மீனைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் வாங்கி, உடனே திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா தேநீரோடு கீழே வந்தார். அம்மா ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்ப்பவர். சத்தமாகக் கதைத்து அறியாதவர். சித்தப்பாவுக்குப் பகிடி விட ஆள் கிடைத்துவிட்டது.

"அண்ணி, ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ. கடிக்காது."

அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார். சித்தப்பா தேநீர்த் தட்டை வாங்கி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே துவக்கை அவருடைய கையில் திணித்தார்.

பிறகு நடந்தது கண்ணிமைக்கும் நேரம். அம்மா குழாயை எங்கள் எல்லோரிடமிருந்தும் விலக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ரவைக்கூடு கழன்று அவருடைய மற்றக் கையில் விழுந்தது. பின்னால் எதையோ இழுத்து உள்ளே பார்த்தார். சுட்டுவிரல் விசையைத் தொடாமல் பக்கவாட்டில் நீட்டியபடியே இருந்தது. வெங்காயம் உரிப்பதுபோல, யோசனையே இல்லாமல் எல்லாவற்றையும் செய்தார்.

"தம்பி, இது கடதாசிக்குச் சுடுறது," என்றார் சித்தப்பாவிடம். "அலுமாரியைத் திறந்து, பெட்டியைத் திறந்து, இந்தப் பள்ளத்துக்குள்ள விரலை வைக்கிறதுக்கிடையில உங்கட அலுவல் முடிஞ்சிடும். பட்டாலும், இந்த ரவைக்கு ஆள் உடன விழாது. கொஞ்ச நேரம் உங்களையே பாத்துக்கொண்டு நிக்கும்."

சித்தியின் தம்பி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பிடி அம்மா தெரியும்?"

அம்மாவுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவு வந்தது போலிருந்தது. துவக்கை மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார்.

"படத்தில பாத்தனான்."

"பொய்! படத்தில சூடு விழத் தொடங்கினாலே நீங்கள் எழும்பிக் குசினிக்குப் போயிடுவீங்களே!"

அம்மாவின் முகம் காதுவரை சிவந்தது. என் அம்மா வெட்கித் தலைகுனிந்து நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சித்தப்பாவின் பெடியன்கள் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. பொய் சொல்லி, அதுவும் எல்லோருக்கும் முன்னால் பிடிபட்ட அம்மாவின் மகள் நான். "நேரம் போட்டுது, வெளிக்கிடுவம்," என்றார் அப்பா. தேநீரை ஒருவரும் தொடவில்லை.

சித்தப்பா சில கிழமைகளில் துவக்கை விற்றுவிட்டு, வாசலில் ஒரு கமரா பூட்டினார். சித்தியின் புதுக் குசினி பிறகு வந்தது. அம்மாவிடம் அவர்களுக்கு மரியாதை கூடியது, பகிடி நின்றுபோனது. கொண்டாட்டங்களில் அம்மா இருக்கும் சோபாவில் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே கிடந்தது.

அன்று வீடு திரும்பும்போது, பொய் சொல்வது கூடாது என்று பள்ளிக்கூடத்தில் மதாம் சொல்லியிருப்பதாக நான் காரின் பின்சீட்டிலிருந்து அறிவித்தேன். அப்பா என்னை அதட்ட வாயெடுத்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துத் தடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஓம் பிள்ளை, அம்மா செய்தது பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. ஒரு சின்னப் பொய்க்கு இவ்வளவு அழத் தேவையில்லையே என்று எனக்குப் பட்டது. பெரிய மனது பண்ணி, பரவாயில்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லை யாரிடமிருந்தாவது கேட்க, ஊரில் சண்டை நடந்த நாட்களிலிருந்து அவர் எத்தனை காலம் காத்திருந்தார் என்பதும், அதைச் சொல்ல வேண்டியவர் நான் அல்ல என்பதும் எனக்கு அன்று தெரியவில்லை.