லொரீன் அணைக்கும் பக்கம்

"அந்த ஆள் இடுப்புல துப்பாக்கி இருக்கு, மிஸ் லொரீன்."

"இருக்கும்."

"கூடாதுன்னு வாசல்லயே போர்டு வெச்சிருக்கே."

"அது வெளியூர்க்காரங்களுக்கு, கண்ணு. வெர்லின் நம்ம ஆளு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சு வாசல்ல கட்டிப்பிடிக்கிறேன், தெரியாம இருக்குமா? அவனுக்கு வலது பக்கம், கொஞ்சம் பின்னால. அதனால அவன இடது பக்கமா அணைப்பேன். டீக்கன் ராய்ஸுக்குக் கணுக்கால்ல. பாஸ்டர் பொண்டாட்டிக்குக் கைப்பையில."

"மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"சட்டைக்குள்ள என்னன்னு ஒருத்தனக் கேக்கறதும், உன் பொண்டாட்டி எடை எவ்வளவுன்னு கேக்கறதும் ஒண்ணுதான். இங்க யாரும் கேக்க மாட்டாங்க. நீயும் கேக்காத."

நான் கேட்கவில்லை. டென்னசி மலையடிவாரத்தில், ஜன்னல் சட்டங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. குவாத்தமாலாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு ஸ்பானிஷில் எடுத்துச் சொல்வது என் வேலை. காபி இயந்திரத்தின் முன் வெர்லின் கோஃபோர்த் குனிந்தபோது சட்டை விலகியதைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

லொரீன் டாக்கெட்டுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது ஆண்டுகளாக வரவேற்பு மேசையில் இருந்தார். ஞாயிறுகளில் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் அணைத்து உள்ளே அனுப்புவார். ஊரில் யார் எதை எங்கே செருகியிருக்கிறார்கள் என்று காவல்துறையைவிட அவருடைய கைகளுக்கு நன்றாகத் தெரியும். அவரிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. விதிப்படி அதைக் காரிலேயே பூட்டி வைத்துவிட்டு வருவார்.

அந்தக் கோடையில் வெர்லினின் பிரிவை மூடப்போவதாகப் பேச்சு கிளம்பியது. சாப்பாட்டு அறையில் அவன் தனியாக உட்கார்ந்து, மேனேஜர் ஹாஸ்கெல்லின் பெயரைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். லொரீன் அவனுக்குப் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதே வாரத்தில்தான் பாதுகாப்புக் குறிப்பு ஒன்றை நான் மொழிபெயர்த்தேன்: ஆயுதம் இருப்பதாகத் தெரிந்தால் நெருங்காதீர்கள், பறிக்க முயலாதீர்கள், உடனே சொல்லுங்கள், விலகிப் போங்கள். படித்தேன் என்று லொரீனும் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. தார்ச்சாலை இளகும் வெயிலில் வெர்லின் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். இடது கை வீச்சாக ஆடியது, வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. லொரீன் வழக்கம்போல எழுந்து கைகளை விரித்தார். அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"யெசேனியா, உன் ஸ்பானிஷ் படிவம் எல்லாத்தையும் பின்கதவு வழியா அனுப்பிடு. இப்பவே." குரல் சர்க்கரைப்பாகு போல இருந்தது. "முன்பக்கம் வேண்டாம், கண்ணு."

படிவங்கள் எல்லாம் அவருடைய இழுப்பறையில்தான் இருந்தன. படிவம் என்று அவர் சொன்னது என் தொழிலாளர்களை என்று எனக்குப் புரிந்தது.

தீ ஒத்திகையின்போதெல்லாம் முன்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில்தான் கூடுவோம். அன்று அங்கே வெர்லினின் பிக்கப் வண்டி எஞ்சின் அணைக்கப்படாமல் நின்றது. நான் இருபத்து மூன்று பேரையும் சரக்கு வாசல் வழியாக, மாட்டுப் பண்ணை வேலிக்கு அப்பால் அழைத்துப்போனேன். ஓடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்து காவல்துறையை அழைத்தேன்.

உள்ளே நடந்ததை லொரீன் பிறகு சொன்னார்.

"ஹாஸ்கெல் எங்க?"

"நாக்ஸ்வில் போயிருக்காரு, வெர்லின். உக்காரு. ஐஸ் டீ தரட்டுமா?"

"கார் இங்க நிக்குதே."

"கம்பெனி வேன்ல போனாரு. உன் அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

ஹாஸ்கெல் பன்னிரண்டு அடி தள்ளி, ஒரு மரக்கதவுக்குப் பின்னால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்லின் பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை அந்தக் கதவைப் பார்த்தான். கடைசியில் லொரீன், "வீட்டுக்குப் போ, வெர்லின். நான் கேக்கறேன், எனக்காகப் போ" என்றார். போய்விட்டான்.

சாலை வளைவில் காவலர்கள் அவனை நிறுத்தி, பேசி, விட்டுவிட்டார்கள்.

"யாரையும் மிரட்டல. போகச் சொன்னீங்க, போயிட்டான். என்ன கேஸ் போடச் சொல்றீங்க, மேடம்?" என்றாராம் லொரீனிடம் ஒரு காவலர்.

அவனுடைய வேலைநீக்கக் கடிதம் தபாலில் போனது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் லொரீன் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பிஸ்கட்டைத் தொடவே இல்லை.

"ஏழு மாசமா வாராவாரம் என் கையில பட்டுது. அவன் ஹாஸ்கெல் பேரச் சொல்லிப் புலம்பினதும் காதுல விழுந்துது. மரியாதை மரியாதைன்னு வாய மூடிக்கிட்டேன்."

"இப்ப அவன் எங்க இருக்கான்?"

"வீட்டுலதான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரப்போறான். கர்த்தர் வீட்டு வாசல்ல யாரையும் தடுக்க முடியாதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. ஹாஸ்கெல் எப்பவும் மூணாவது பெஞ்சுலதான் உக்காருவாரு. வாசல்ல நிக்கறது நான்."

"நீங்க நிக்க வேண்டாமே."

"நான் இல்லன்னா அந்த இடத்துல வேற ஒருத்தி நிப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது." என் கையைப் பிடித்தார். "நீ கத்தோலிக்கப் பொண்ணு, உனக்கு உன் பூசை இருக்கு, தெரியும். இந்த ஒரு ஞாயிறு மட்டும் வந்து என் பக்கத்துல நில்லு, கண்ணு. நான் அவன் முகத்தப் பாத்து சிரிக்கணும். நீ அவன் கையப் பாத்துக்க."