அப்பா போட்ட கட்டு

எங்கள் பக்கம் யாருக்காவது கை கால் பிசகினால் முதலில் டாக்டரைத் தேட மாட்டார்கள், துணியைத் தேடுவார்கள். ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி வட்டாரத்தில் விசைத்தறிதான் பாதிப் பேருக்குப் பிழைப்பு. அந்தத் தறிகளில் இறங்குவது சேலையோ வேட்டியோ இல்லை, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணி. என் அப்பாவும் அந்தத் தறிதான் ஓட்டுகிறார். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், படுத்திருப்பவரின் கட்டைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம பக்கத்துத் துணி" என்று சொல்லிவிடுவார். படுத்திருக்கிறவர் என்ன நினைப்பார் என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது. மானம் போவது எனக்குத்தான்.

நான் கால்பந்து ஆடுகிறவள். தடுப்பு வரிசையில் இடது ஓரம் என் இடம். நாட்டில் பெண்களுக்கான முதல்நிலை லீகில் ஆடும் ஓர் அணி என்னை ஒரு சீசனுக்கு எடுத்திருந்தது. முதல்நிலை என்றதும் விமானமும் பெரிய ஹோட்டலும் என்று அம்மா கற்பனை பண்ணிக்கொண்டாள். ரயிலில் இரண்டு பகல் போய் இறங்கி, கொசு கடிக்கும் விடுதியில் ஈரச் சாக்ஸைக் காயப் போட இடமில்லாமல் நாங்கள் அலைந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வா என்று கூப்பிட்டுவிடுவாள்.

சீசன் ஆரம்பத்திலிருந்தே அடிமேல் அடி. வரிசையாகத் தோற்றோம். பட்டியலின் அடியில் கிடந்தோம். கடைசி இடத்தில் முடித்தால் அணி கீழ்நிலை லீகுக்குப் போய்விடும். அந்த நிலைமையில்தான் ஓர் ஆட்டத்தில் தலையால் பந்தைத் தள்ளிவிட்டு இறங்கும்போது என் இடது முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. செத்த நேரத்தில் முட்டி பன்னாக வீங்கிவிட்டது. அணியின் பிசியோ அக்கா ஐஸ் வைத்துவிட்டு, "லீவில் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிடு" என்றார். பயிற்சியாளர் வேறு மாதிரிச் சொன்னார். சீசனுக்கு நடுவில் விடும் லீவு முடிந்து திரும்பும்போது ஓட முடிந்தால் நான் அணியில் இருப்பேன், முடியாவிட்டால் வேறு ஆள். இந்த சீசனை முடிக்காதவளை அடுத்த சீசனுக்கு யார் கூப்பிடுவார்கள்? எனக்கு அந்த ஒரு பயம்தான் இருந்தது.

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி நொண்டியபடி வந்த என்னைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்து முட்டியைத் தடவிப் பார்த்தார். வளைத்தார். நீட்டினார்.

"நரம்பு பிசகிருக்கு. ஒண்ணுமில்ல தாயி. கட்டுனா சரியாப் போவும்."

"ஸ்கேன் எடுக்கச் சொல்லிருக்காங்கப்பா."

"எடுத்தா என்ன சொல்லுவாவ? கட்டுப் போடுன்னுதான சொல்லுவாவ? அந்தக் கட்டுத்துணி எங்கேருந்து போவுது?"

அம்மா அடுப்படியிலிருந்து, "இந்த மனுசனுக்கு நெஞ்சு வலி வந்தாலும் துணியச் சுத்தித்தான் ஆத்துவாரு" என்று கத்தினாள். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு ஸ்கேன் பேச்சும் போய்விட்டது.

அப்பாவின் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெண்டைக்காலில் ஆரம்பித்து, முட்டிச் சில்லை விட்டுவிட்டு, மேலும் கீழும் குறுக்காகப் போட்டு, தொடையில் முடிப்பார். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறியிருக்கும். ஒரு சுருக்கம் இருக்காது. எழுந்து நின்றால் புதுக் கால் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நம்புங்கள், வலியே இல்லை. நாலைந்து நாளில் நடந்தேன். பிறகு கண்மாய்க் கரையில் ஓடினேன். விடிந்தும் விடியாமலும் நான் ஓட, அப்பா மொபெட்டில் பின்னாலேயே வருவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வண்டியை நிறுத்தி, "நம்ம கட்டு" என்று என் காலைக் காட்டுவார். அவரை இத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. தறிச் சத்தத்திலேயே காது மந்தமான மனிதர், தன் துணி என்ன செய்யும் என்பதை முதல்முறை கண்ணால் பார்க்கிறார். எனக்கும் பெருமையாக இருந்தது.

எங்கள் அணியின் கோல்கீப்பர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வீடு தேரடிக்குப் பின்னால். என்னைவிட நாலு வயது சின்னவள், வாய் மட்டும் நாற்பது வயதுக்கு மூத்தது. லீவில் அங்கே ஒரு பள்ளி மைதானத்தில் இருவரும் பயிற்சி செய்யலாம் என்று பேசி வைத்திருந்தோம். கோவிலுக்குப் போய்விட்டுத் தலையில் துளசியோடு வந்தவள், என்னை ஓடச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பந்தை என் இடப்பக்கம் உருட்டினாள். நான் எட்டிப் பிடிக்காமல் விட்டேன். மறுபடி உருட்டினாள். மறுபடியும் விட்டேன்.

"ஏட்டி, நேரா ஓடுத. நல்லாத்தான் ஓடுத. எடது காலை ஊணி ஒரு தடவ திரும்பு பாப்போம்."

"மேட்ச்ல திரும்புவேன்."

"இப்பத் திரும்பு."

"ஒன் கண்ணு பந்து மேல இருந்தாப் போதும், என் காலு மேல வேண்டாம்."

"கட்டு நல்லாருக்கு. காலு நல்லாருக்கான்னுதான் கேக்கேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தோல்விக்கெல்லாம் தடுப்பு வரிசையைக் குறை சொல்கிறவள் இவள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். கண்மாய்க் கரை ஒரே நேர்கோடாகப் போகும் பாதை என்பதும், அதில் திரும்ப வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை என்பதும் அந்த பஸ்ஸில் எனக்குத் தோன்றவில்லை. அணிக்குத் திரும்பிய ரயிலில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இட்லியைக்கூட ஒருத்திக்கொருத்தி நீட்டவில்லை.

அங்கே பயிற்சியாளர் ஓடிக் காட்டச் சொன்னார். ஓடினேன். தடுப்பு வரிசையில் ஏற்கெனவே இருவருக்குக் காயம். அவருக்கு ஆள் வேண்டியிருந்தது, எனக்கு இடம் வேண்டியிருந்தது. பிசியோ அக்கா கட்டைப் பார்த்து, "யார் போட்டது? எங்களுக்குக்கூட இப்படி வராது" என்றார். ஸ்கேன் எங்கே என்று கேட்டார். வீக்கம் வடிந்துவிட்டதென்று சொன்னேன். அவருக்கு அடுத்த ஆளின் கணுக்கால் காத்திருந்தது.

ஆட்டத்தன்று போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, அப்பா அங்கிருந்து சொல்லச் சொல்ல நானே கட்டினேன். "இன்னும் இழு. விடாத. ஆங், இப்ப குறுக்க போடு." அவருக்குப் பின்னால் தறிக்கூடத்து ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் போனில் வருமென்பதால் முதலாளி மொத்தத் தறிகளையும் நிறுத்தச் சொல்லியிருந்தாராம். அந்தக் கூடம் பகலில் அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

முதல் பாதி முழுக்க நன்றாகவே ஆடினேன். இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு ஓரமாக வந்தாள். வெளிப்பக்கம் போகிற மாதிரி காட்டி உள்ளே வெட்டினாள். நான் இடது காலை ஊன்றித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. புல்லில் விழுந்து நான் போட்ட சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. முதலில் ஓடி வந்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிதான். கோலை விட்டுவிட்டு ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பேசாம இரு, பேசாம இரு" என்றாளே தவிர, நான் அப்பவே சொன்னேனே என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.

அப்பாவிடமிருந்து வந்த முதல் வார்த்தை, "மேல் சுத்து லூசாருந்துச்சோ?" என்பதுதான். போனைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. மதுரையில் டாக்டர் அறைக்குள் நுழையும்வரை அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தன் கையால் கட்டியிருந்தால் இது நடந்திருக்காது என்று அம்மாவிடமும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும்கூடச் சொன்னார்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். முட்டிக்குள் இருக்கும் தசைநார் முதலில் அடிபட்ட ஆட்டத்திலேயே அறுந்துவிட்டது. அப்போதே ஆபரேஷன் செய்திருந்தால் அதோடு போயிருக்கும். அறுந்த காலோடு ஓடி ஆடியதில் இப்போது உள்ளே இருக்கும் ஜவ்வும் கிழிந்து நசுங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்யலாம். நடக்கலாம். பழையபடி ஆட முடியுமா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது.

அப்பா ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நல்லா இறுக்கிக் கட்டிருந்தா, சார்?"

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. அதனாலதான் வலி தெரியாம ஓடியிருக்காங்க. வலிச்சிருந்தா நின்னிருப்பாங்க" என்றார் டாக்டர். அவர் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்திலேயே டாக்டரின் வாயைப் பொத்திவிட மாட்டோமா என்று இருந்தது எனக்கு.

ஆபரேஷன் முடிந்தது. அணி கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. அடுத்த சீசனுக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அப்பா மேல் மட்டும் விழ முடியவில்லை. அவர் தறிக்குப் போவதும் வருவதும் யாருக்கும் தெரியாதபடி ஆகிவிட்டது.

தையல் பிரித்த பிறகு தினமும் குளித்துவிட்டுக் கட்டை மாற்ற வேண்டும். ஒரு நாள் அம்மா மில்லுக்குப் போயிருந்தாள். அப்பாவைக் கூப்பிட்டேன். வாசலிலேயே நின்றார்.

"நீங்களே கட்டுங்கப்பா."

கீழே உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு சுற்று போட்டார். "வலிக்கா தாயி?" என்றார். இல்லை என்றேன். அடுத்த சுற்றைத் தளர்த்திப் போட்டுவிட்டு, "வலிச்சாச் சொல்லிரு" என்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டார். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடத் தளர்வாக இருந்தது. கடைசி முனையைச் செருகிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

நான் சுவரைப் பிடித்து எழுந்து நின்றேன். கட்டு முழுவதும் நழுவிக் கணுக்காலில் வந்து கிடந்தது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ கட்டுங்கப்பா" என்றேன்.

"வேண்டாம் தாயி. அம்மா வந்து கட்டுவா" என்று சொல்லிவிட்டு, துணியைச் சுருட்டி என் பக்கத்தில் வைத்தார்.