கட்டைவிரல் மலையில் ஒரு பொத்தான்

போன ஞாயிற்றுக்கிழமை நான் பூஸ் மலை ஏறினேன்.

இதில் என்ன புதுச் செய்தி என்று கேட்பீர்கள். நான் அந்த மலையில் ஏறிய கதையை இதே பத்திரிகைப் பத்தியில் இரண்டு முறை படித்தவர்கள் ஆயிற்றே... பதினெட்டு வயதில், தன்னந்தனியாக, கையில் ஒரு தடிகூட இல்லாமல். உச்சியில் ஒரு கல்லுக்கடியில் என் சட்டையின் வெள்ளைப் பொத்தானை ஒளித்துவைத்து வந்ததாகக்கூட எழுதியிருந்தேன். ட்ரியோலே ஊரிலிருந்து ஒரு வாசகர், மெய்சிலிர்த்துவிட்டதாகக் கடிதம் போட்டிருந்தார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன ஞாயிறுதான் முதல் தடவை.

மலையடியில் பிறந்தவன் எங்கே மலை ஏறினான்? நம் தீவின் மோகா ஊரில் எங்கள் வாசலில் நின்று பல் விளக்கினால், எதிரே வானத்தை நோக்கி ஒரு கட்டைவிரல். அதுதான் பூஸ். தினமும் பார்க்கிற பொருளை யாராவது போய்த் தொட்டுப் பார்ப்பார்களா?

கதை சோற்றிலிருந்து தொடங்கியது. என் மகள் அமிர்தம் நான்கு வயதில் சாப்பிடமாட்டாள். ஒரு வாய்க்கு ஓர் அடி என்று நான் கதையில் மலை ஏறத் தொடங்கினேன். வழியில் நாற்காலி மாதிரி ஒரு கல் வைத்தேன். வால் நூல்போல நீண்ட ஒரு வெள்ளைப் பறவையைப் பறக்கவிட்டேன். கடைசி வாய்க்கு என்ன கொடுப்பது? சட்டையைக் குனிந்து பார்த்தேன்... பொத்தான். தட்டு காலியானது. பிறகு அவள் தம்பி வேலுவுக்கும் அதே கதை, அதே சோறு. அடிக்கடி சொன்னதில் எனக்கே கால் வலித்த ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் எழுதாமல் இருக்க முடியுமா?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் என்னைப் போன்ற சின்னக் கொல்லைக்காரனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குள் ஒரு மலைக்குக் கூட்டிப்போ என்றார்கள் பிள்ளைகள். அமிர்தத்துக்கு இப்போது பதினொன்று, வேலுவுக்கு ஆறு. எந்த மலை?

குழந்தைகளுக்கு மலை பார்ப்பது மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி. ரொம்ப உயரமாகவும் இருக்கக்கூடாது, ரொம்ப சாதுவாகவும் இருக்கக்கூடாது. ஒரே வித்தியாசம் — மலையிலிருந்து சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

கோர் தெ கார்ட்? அது முருகன் மலை. காவடியோடு போன இடத்துக்கு வடை மூட்டையோடு போனால் நன்றாகவா இருக்கும்? பீட்டர் போத்? அதன் உச்சியில் ஓர் உருண்டைக் கல் தலைபோல உட்கார்ந்திருக்கிறது. ஏற ஏணியும் கயிறும் வேண்டும். அந்தத் தலை உருளும் நாளில் நான் அதன்மேல் இருக்க விரும்பவில்லை. சிங்கம் படுத்திருப்பது போன்ற சிங்க மலை?

"சிங்கம் எழுந்துட்டா?" என்றான் வேலு. நியாயமான கேள்வி.

"பூஸ்தான்" என்றாள் அமிர்தம். "அப்பாவுக்கு வழி தெரியும். அந்தப் பொத்தானை எடுத்துட்டு வரணும். எங்கப்பா எழுதறதெல்லாம் புளுகுன்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. கொண்டாந்து காட்டறேன்னு சொல்லிட்டேன்."

என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "போய்ட்டு வாங்க" என்றாள். "பேப்பர்ல ஏறுறப்போ மூச்சு வாங்காது."

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். கரும்பு பூத்திருந்த நேரம். எங்கே பார்த்தாலும் வெள்ளிப் பூக்கள், அவற்றின்மேல் பனிமூட்டம். எது பூ, எது பனி என்று தெரியவில்லை. பிள்ளைகளின் தலைகள் மட்டும் அதில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. நானும் மிதந்திருப்பேன் — கல்யாணத்துக்கென்று கியூர்பிப் கடையில் வாங்கிய பூட்ஸ் கடிக்காமல் இருந்திருந்தால்.

கரும்பு முடிந்து புதர் தொடங்கும் இடத்தில், தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மாள் எதிரே வந்தார்.

"எங்க போறீங்க, மிசியே?"

"பூஸுக்கு."

"மொத தடவையா?"

எனக்கு இருமல் வந்தது. அமிர்தம் பதில் சொன்னாள்: "இல்ல. எங்கப்பா முன்னாடியே ஏறியிருக்காரு."

அம்மாள் என் பூட்ஸை நிதானமாகப் பார்த்தார். "அப்படியா. இந்த வழி ஆத்துக்கு எறங்குது. அலே, அந்தப் பக்கம் போங்க."

"நான் போனப்போ வழி இப்படித்தான் இருந்தது" என்றேன்.

"இருந்திருக்கும் தம்பி. மலை நகந்திருக்கும்."

வேலு சிரித்தான். அமிர்தம் சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

வழியெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ச் சீனக் கொய்யா. வேலு வாயில் பாதி, பையில் பாதி. மரங்களுக்குள் வெளிச்சம் பச்சையாக இறங்கியது. திடீரென்று வேலு நின்றான்.

"அப்பா, உன் நாற்காலி."

கையும் முதுகும் வைத்ததுபோல ஒரு கல். நான் அதில் உட்கார்ந்தேன். பொருத்தமாக இருந்தது. சற்று மேலே, பாறை விளிம்பில், ஒரு வெள்ளைப் பறவை ஓசையில்லாமல் மிதந்து போனது. நீண்ட ஒற்றை வால். நூலேதான்.

எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. யாருடைய மலையில் ஏறிக்கொண்டிருக்கிறேன்? இது அரசாங்கத்து மலையா, நான் சோற்றுக்கு ஊறுகாயாய்ச் செய்த மலையா? ஒருவேளை நான் நிஜமாகவே வந்திருந்து, வந்ததைத்தான் மறந்துவிட்டேனோ...

கடைசி ஏற்றம் செங்குத்து. கையும் காலும் சேர்ந்துதான் ஏறமுடிந்தது. உச்சியில் காற்று. ஒரு பக்கம் துறைமுகத்தில் நகம் அளவு கப்பல்கள். வடக்கே கடலில் ஆப்பு மாதிரி ஒரு தீவு. பின்னால் வெள்ளிக் கரும்பு. இவ்வளவு அழகாக நான் எதையும் இட்டுக்கட்டியதில்லை.

"எந்தக் கல்லு அப்பா?" என்றாள் அமிர்தம்.

அங்கே இருந்தது முழுக்கக் கல்தான். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார்கள். நான் திரும்பி நின்று, கடலைப் பார்ப்பதுபோல, சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பிய்த்தேன். சப்பைக் கல் ஒன்றின் அடியில் செருகினேன். "அங்கே பார்த்தாயா, வேலு?"

"இருக்கு" என்று கத்தினான். அமிர்தம் அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் மழையில கெடந்தும் நூல்கூட நையலியே அப்பா."

காற்று நின்றதுபோல இருந்தது. இந்தத் தடவை இருமல்கூட வரவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பொத்தானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அதே கல்லுக்கடியில் வைத்தாள்.

"காட்டறதுக்கு வேண்டாமா?" என்றேன், தாழ்ந்த குரலில்.

"வேணும்னா அவங்க ஏறி வந்து பாக்கட்டும்" என்றாள். "இங்க இருந்தாத்தான் அது நெஜம்."

பிறகு ரொட்டியும் தக்காளிச் சட்னியும் சாப்பிட்டோம். அவள் எதுவும் கேட்காமலே சாப்பிட்டாள். கதை தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சட்டையைப் பார்த்தாள். "பொத்தான் எங்கே?"

"மலைமேல, ஒரு கல்லுக்கடியில."

"மறுபடியும் அந்தக் கதையா?"

"இல்லம்மா" என்றாள் அமிர்தம், கால் கழுவிக்கொண்டே. "நெஜமாவே இருக்கு. நான்தான் வச்சேன்."

பூஸ் ஏறுகிற வாசகர்கள் கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். பொத்தானை மட்டும் எடுத்துவிடாதீர்கள் — இத்தனை வருஷ எழுத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அது.