விளக்கு பிடித்தவள்

கண்ணாடிக்காரருக்குச் சினிமாவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. நான் வெட்கப்பட வேண்டிய காரியம் வேறு இருக்கிறது. அது பின்னால் வரும்.

அப்போது நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எதிர்வரிசையில் அவர் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பார், படங்களுக்குச் சட்டம் போடுவார். கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம் எல்லாம் வரும் என்றாலும் முக்கால்வாசி செத்துப்போனவர்கள் படம்தான். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. வேலை முடிந்ததும் நானும் டிராயிங் மாஸ்டரும் பஸ் கண்டக்டர் ஒருவரும் அதில் வந்து உட்கார்ந்தால், உலகத்தில் உள்ள நடிகர்களெல்லாம் எங்கள் வாயில் விழுந்து எழுந்து போவார்கள். கண்ணாடிக்காரர் டீ வாங்கித் தருவார், கேட்டுக்கொண்டிருப்பார். வாயைத் திறக்க மாட்டார். சினிமாவுக்கும் போக மாட்டார். சினிமா என்ற சொல்லே அவருக்குக் கசப்பு என்று எங்களுக்குத் தெரியாது.

அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பெண்ணை அவரே வளர்த்தார். பத்தொன்பதாம் வயதில் நடிக்கப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கியவளிடம், "போனா திரும்ப இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அன்றைக்கே கடைக்கு வந்து, அவளுடைய பள்ளிக்கூடப் படம், ஸ்டூடியோவில் எடுத்த படம், குழந்தையாகத் தவழும் படம் என்று ஒன்று விடாமல் சட்டத்திலிருந்து கழற்றிக் கிழித்துப் போட்டார். நல்ல மரச் சட்டங்கள். வீணாக்க மனம் வராமல் அவற்றை வேறு யார் யார் படத்துக்கோ போட்டுக் கொடுத்துவிட்டார். எங்களிடம் மகளைத் தூரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நாங்களும் நம்பினோம். "என்னண்ணே, பேரன் பேத்தி உண்டா?" என்று நான்கூட ஒருமுறை கேட்டேன். "இன்னும் இல்ல தம்பி" என்றார்.

நான்கு வருடம் கழித்து, வாடகை அறையில் காய்ச்சலில் கிடந்து அவள் செத்துப்போனாள். அவளோடு தங்கியிருந்த தோழிக்கு இவர் விலாசம் கிடைக்கவே பத்து நாள் ஆனது. அதற்குள் அடக்கமும் ஆகிவிட்டது. தோழி ஒரு பையோடு நேரில் வந்தாள். பையில் மூன்று உடுப்பு, ஒரு சீப்பு, ஒரு ஜோடி செருப்பு. படம் ஒன்றும் இல்லை. இருந்த படங்களைத் துணை நடிகர் ஏஜெண்டுகளிடம் கொடுத்திருந்தாள். தோழி போய்க் கேட்டதற்கு, அதெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போகும்போது தோழி ஒன்று சொன்னாள். "அப்பா, ஒரு ராஜா படத்துல அவ நடிச்சிருக்கா. ராணி பக்கத்துல விளக்கு பிடிச்சிட்டு நிப்பா. படம் இன்னும் வரல."

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. இதெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது, சினிமாப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர் திடீரென்று தினமும் தியேட்டருக்குப் போகிறார் என்பது மட்டும்தான்.

அதிலும் ஒரு கூத்து. இடைவேளை முடிந்த பிறகுதான் உள்ளே போவார். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். தியேட்டர் கேட்டுக்காரர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்கள் சும்மா விடுவோமா?

அந்தப் படத்தைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டை. ராஜாவாக நடித்தவர் புருவத்தாலேயே மூன்று மணி நேரத்தை ஓட்டிவிட்டார் என்பது என் கட்சி. கண்டக்டர் அவர் ரசிகர். கண்ணை மூடிக்கொண்டு அவருக்குத்தான் இந்த வருடத்து விருது என்றார். மாஸ்டர் ராணியின் பக்கம். "அழாம அழுறா பாருங்க, அதுக்குப் பேரு நடிப்பு" என்பார். இதற்கு நடுவே கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார்.

"எல்லா விருதும் இந்தப் படத்துக்குத்தான் வரணும்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஏன்ணே, ராஜா அவ்வளவு பிரமாதமா?" என்றார் கண்டக்டர், ஆள் கிடைத்த சந்தோஷத்தில்.

"பிரமாதம்."

"சாகுற சீன்ல என்னமா பண்ணியிருக்காரு, இல்ல?"

"யாரு செத்தா?" என்றார் கண்ணாடிக்காரர்.

டீ எனக்குப் புரையேறிவிட்டது. ராஜா சாவதே தெரியாமல் ராஜாவுக்கு வக்காலத்து வாங்குகிற ஒரே ரசிகர் உலகத்திலேயே நம் அண்ணன்தான் என்று நான் சொல்ல, மாஸ்டர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணாடிக்காரரும் கூடச் சிரித்தார். பிறகு மெதுவாக, "ராணி பக்கத்துல ஒரு பொண்ணு விளக்கு பிடிச்சிட்டு நிக்குதே, அது நல்லா பண்ணியிருக்கு. அதுக்கும் ஏதாச்சும் குடுக்கலாம்" என்றார்.

"அந்தப் பொண்ணுக்கா?" என்றேன் நான். "அண்ணே, கடைசியில பேரு ஓடும்போதுகூட அவ பேரு கிடையாது. யாருன்னு கூப்பிட்டுக் குடுப்பாங்க?"

அவர் எழுந்து கண்ணாடி வெட்டப் போய்விட்டார். அன்றிலிருந்து விருதுப் பேச்சு வரும்போதெல்லாம் "விளக்குக்கு ஒரு ஓட்டு!" என்று நான் கத்துவேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஏழு வாரத்தில் படத்தை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக்காரருக்கு வேலையே ஓடவில்லை. கண்ணாடி வெட்டும்போது ஒரே கோடுதான் இழுக்க வேண்டும், இழுத்த கோட்டின் மேலேயே மறுபடி இழுத்தால் கோணல்மாணலாக உடையும் என்று எல்லோருக்கும் பாடம் சொல்கிற மனிதர், அந்த வாரம் மூன்று கண்ணாடியை உடைத்தார். இப்போதுபோல நினைத்தபோது கையில் வைத்துப் படம் பார்க்கிற காலம் இல்லை அது. தியேட்டர் மேனேஜரிடம் போய்ப் படத்தைத் திரும்பப் போடுவீர்களா என்று கேட்டிருக்கிறார். "விருது கிடைச்சா போடுவோம் பெரியவரே. விருது வாங்குன படம்னு போஸ்டர் ஒட்டினா ஜனம் வரும்" என்று மேனேஜர் சொன்னாராம். அதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. மாலையில் கடைக்குப் போனால், "என்ன தம்பி, கிடைச்சிருமா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று என்னிடம் கேட்பார்.

அந்த நேரத்தில் சினிமா வாரப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. விருதுக் குழுவுக்கு அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கப் போகிறோம், ரசிகர்கள் எங்கே தொய்வு என்று எழுதலாம் என்று படக் கம்பெனி கேட்டிருந்தது. எனக்கு எழுதக் கேட்பானேன்! பிழை திருத்துகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் வெட்டத்தான் தோன்றும். கண்ணாடிக்காரர் இவ்வளவு ஆசைப்படுகிறாரே, நம்மால் ஆனதைச் செய்வோம் என்ற நல்ல எண்ணமும் இருந்தது. சத்தியமாக இருந்தது.

இரண்டு பக்கம் எழுதினேன். அதன் சாரம் இதுதான்: இடைவேளைக்குப் பிறகு, மகன் போரில் இறந்த சேதி ராணிக்கு வருகிறது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான்கு நிமிடம் பேச்சே இல்லை. ராணியின் முகமும் தெரியாமல், விளக்கு பிடித்த யாரோ ஒரு துணை நடிகையை நாங்கள் எதற்கு நான்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? இதை வெட்டினால் படம் பறக்கும்.

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கண்டக்டர் படிக்காமலே போட்டார். கண்ணாடிக்காரர் ஒரு பெரிய கண்ணாடியை மேசையில் கிடத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது?"

"விருதுக்காகத்தான் அண்ணே. போடுங்க."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, என் மேல் இருந்த நம்பிக்கையில், பேனாவை வாங்கி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். எங்கள் நால்வரிலும் அவர் கையெழுத்துதான் பெரிதாக இருந்தது.

ஒரு மாதத்தில் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. தங்கள் யோசனை ஏற்கப்பட்டது, நன்றி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடிக்காரரிடம் மட்டும் காட்ட வேண்டாம், விருது வந்த பிறகு காட்டிச் சந்தோஷப்படுத்தலாம் என்று மற்ற இருவருக்கும் சொல்லிவைத்தேன்.

விருதும் வந்தது. நடிப்புக்கு இல்லை, கண்டக்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சிறந்த படம் என்ற விருது. தியேட்டரில் புதுப் போஸ்டர் ஒட்டினார்கள். முதல் நாள் பகல் காட்சிக்குக் கண்ணாடிக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு இடைவேளைக்குக் காத்திருக்கவில்லை, ஆரம்பத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார். மாலையில் நான் அந்தக் கார்டையும் என் கடிதத்தின் நகலையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தேன். ஆறு மணிக்கு வருவார் என்று பார்த்தால் ஒன்பதுக்குத்தான் வந்தார். இரண்டு காட்சியும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"தம்பி, ஆபரேட்டர் ஒரு ரீலை விட்டுட்டான் போல. மொத ஆட்டத்துல நான்தான் கண்ணசந்துட்டேன்னு நெனச்சேன். ரெண்டாவதுலயும் வரல. அந்த விளக்கு சீன்."

"ரீல் எல்லாம் சரிதான் அண்ணே," என்று எழுந்தேன். "அதை வெட்ட வச்சதே நாமதான்!" பெருமையாகக் காகிதங்களை நீட்டினேன்.

அவர் நின்றுகொண்டே படித்தார். இரண்டு பக்கமும் படித்தார். கடைசியில் விரலை வைத்துக் கேட்டார்.

"இது என் கையெழுத்தா?"

"ஆமாண்ணே."

"அது என் பொண்ணு தம்பி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பையோடு வந்த தோழியில் தொடங்கி, கிழித்த படங்கள் வரைக்கும் பின்னோக்கிச் சொன்னார். நான் மேலே சொன்னதெல்லாம் அன்று கேட்டதுதான். திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. "நீ நல்லதுக்குத்தான் பண்ணே" என்றார். அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாளே கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. ஒரு வாரம் விடுப்புப் போட்டு, ரயிலேறி நேரிலேயே போனேன். வாசலில் இரண்டு நாள் நின்ற பிறகு ஒரு படத்தொகுப்பு உதவியாளர் வெளியே வந்து, எல்லாப் பிரதியிலும் வெட்டியாகிவிட்டது, வெட்டின துண்டுகளை வைத்துக்கொள்வதில்லை என்றார். ஒரே ஒரு துண்டு, ஒரு விரல் நீளம் கிடைத்தால் போதும் என்று கெஞ்சினேன். அவருக்கும் இரக்கம்தான். அந்தக் கழிவு பிலிம் எல்லாம் எப்போதோ எரித்தாகிவிட்டது என்றார்.

திரும்பி வந்து கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கையில் யாரோ ஒரு கிழவரின் படம். பின்னட்டை வைத்து, சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி முடித்து, சுவரில் சாய்த்து வைத்தார்.

"எனக்கு இப்பவே மறக்குது தம்பி. மூக்கு ஞாபகம் வந்தா கண்ணு வர மாட்டேங்குது. நீ எட்டுத் தடவை பாத்திருக்க. ஒவ்வொரு சீனும் ஒப்பிப்பியே. கொஞ்சம் சொல்லேன், எப்படி நின்னா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ராஜாவின் புருவம் வந்தது. மந்திரியின் ஒட்டுத் தாடி வந்தது. ராணியின் முதுகு, சுவரில் ஆடிய நிழல், விளக்கின் சுடர்கூட வந்தது. அவள் முகம் வரவில்லை. எட்டுத் தடவையில் ஒரு தடவைகூட நான் அவளைப் பார்த்திருக்கவில்லை.

ஒன்றும் நினைவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ராணி அந்தப் பக்கம் திரும்புறாங்க அண்ணே. பின்னாடி உங்க பொண்ணு நிக்குது. கண்ணு கலங்கியிருக்கு, ஆனா அசையாம நிக்குது. வலது கையில விளக்கை உசத்திப் பிடிச்சிட்டு..."

அவர் என் முழங்காலில் மெல்லத் தட்டினார்.

"போதும் தம்பி," என்றார். "அவ இடது கைக்காரி."