தள்ளி நின்றால் தெரிவேன்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவின் இரண்டு கண்களிலும் புரையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். சர்க்கரை அவருக்குப் புரையைச் சீக்கிரமே கொண்டுவந்திருந்தது. கண்ணில் பிறவியில் இருக்கிற லென்ஸ் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானே வளைந்துகொடுக்கும், வயது ஏற ஏற விறைத்துப்போகும், வைக்கிற லென்ஸோ வளையவே வளையாது என்று தென்காசி டாக்டர் விளக்கினார். தூரம் வேண்டுமா, கிட்டம் வேண்டுமா என்று கேட்டார். அப்பா புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லாரி ஓட்டுகிறவர், யோசிக்கவே இல்லை.

"தூரம் தெரிஞ்சாப் போதும் சார்" என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க நான் பயத்திலேயே இருந்தேன். மடியில் ஏறினால் அப்பாவின் பார்வை என் முகத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். நாக்கைத் துருத்திக் காட்டினேன், அவர் சிரிக்கவில்லை.

"தள்ளி நில்லுட்டி, அப்பந்தான் உன் மூஞ்சி தெளிவாத் தெரியுது" என்பார்.

நாற்பதைத் தாண்டிய அம்மாவும் போனைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துத்தான் படிப்பாள். என்னைக் கிட்டத்தில் பார்க்க அந்த வீட்டில் ஆளே இல்லை.

அந்த மாதத்தில்தான் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது, மூன்று பேரும் போனோம். அம்மா அருவியில் பெண்கள் பக்கம் குளிக்கப் போனாள். எனக்குச் சளி என்று அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். கண்ணில் தண்ணீர் படக் கூடாதென்று அவர் குடையும் துணிப்பையுமாக நின்றார். என் தலையில் மஞ்சள் துண்டு போட்டிருந்தார்கள்.

கூட்டம் நெரிந்தது. பக்கத்தில் நிற்கிற என்னை இவர் தொலைத்துவிட்டால்? அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தேன். ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்விட்டேன்.

அப்போது போலீஸ்காரர் விசில் ஊதினார். தண்ணீர் கூடிவிட்டதாம். குளித்தவர்கள் திமுதிமுவென்று ஓடிவர, நான் பாலத்துக் கம்பியோடு நசுங்கினேன். துண்டு நழுவி ஆற்றில் விழ, தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அழக்கூட வரவில்லை. அசைந்தால் அப்பாவுக்குத் தெரியாமல் போய்விடுவேன் என்று அப்படியே நின்றேன்.

வெகுநேரம் கழித்து அப்பா ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்தார். குடை இல்லை, பை இல்லை, இடுப்பு வரை ஈரம். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கிட்டே வந்ததும் பார்வை மறுபடி வழுக்கியது. என் மூக்கையும் காதையும் கையால் தடவிப் பார்த்தார்.

"தள்ளித்தான நின்னேன். தெரிஞ்சுதாப்பா?"

"தெரிஞ்சுதுட்டி. நல்லாவே தெரிஞ்சுது."

என்னை இறுக்கி அணைத்தவர் விடவே இல்லை. நனைந்த குளிருக்கு என்றுதான் நினைத்தேன். வெள்ளத்தோடு போன மஞ்சள் துண்டு அத்தனை தூரத்திலிருந்து அந்தப் புது லென்ஸுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியாது.