சந்தனம் வைத்த கேமரா

“ஏட்டி, ஊசியில நூல் கோக்கவே உனக்குக் கை நடுங்கும். நீ போயி மனுசன் தொண்டைக்குள்ள குழா விடப்போறியாக்கும்?” என்று கேட்டார் என் தாய்மாமா. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவள் நான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்பவளின் மகள். எனக்குக் கை நடுங்காது. நடுங்கினாலும் மாமாவிடம் சொல்ல மாட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தேன். தொண்டைக்குள் பார்த்துக் குழாய் போட உதவும் கேமரா ஒன்று அங்கே இருந்தது. யாரோ புண்ணியவான் கொடுத்தது. கண்ணாடி பீரோவில் பூட்டியே இருக்கும். ஆயுத பூசையன்று மட்டும் வெளியே வந்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பழகாதவர்கள் தொடக் கூடாது என்பது பெரிய டாக்டரின் சட்டம். தொடாமல் எப்படிப் பழகுவது என்று சட்டத்தில் இல்லை.

ஒரு மதியம், செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பில் பாம்பு கடித்த ஓர் அக்காவைக் கொண்டுவந்தார்கள். விஷமுறிவு மருந்து ஏறும்போதே இமை தொங்கி, மூச்சு அடங்கத் தொடங்கியது. கேமரா இல்லாத சாதாரணக் கருவியை வைத்துக் குழாய் போட்டேன். அது மூச்சுக்குழலுக்குள் போகாமல் இரைப்பைக்குள் போய்விட்டது. உருவிவிட்டு, முகமூடியை அழுத்திப் பையால் காற்றுக் கொடுத்தேன். பெருமையெல்லாம் வியர்வையாகக் கழுத்தில் இறங்கியது.

“சிஸ்டர், கேமராவ எடுங்க!”

“சாவி பெரிய டாக்டர்கிட்டல்லா இருக்கு. அவிய சாப்பிடப் போயிருக்காவ.”

“வர எம்புட்டு நேரமாகும்?”

“இன்னைக்கு அவிய வீட்டுல விருந்து, டாக்டரம்மா.”

“அப்ப கண்ணாடிய உடைங்க.”

சிஸ்டர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆக்சிஜன் சிலிண்டர் ஸ்பேனரால் ஒரே போடு.

கேமராவைச் சொருகினால் திரை முழுக்க மஞ்சள். லென்ஸில் காய்ந்த சந்தனம். வெளியே எடுத்து ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி சொருகியதும் குரல்நாண்கள் தெரிந்தன. குழாய் சரியான வழியில் போனது. நெஞ்சு இருபுறமும் எழுந்தது. குழாயைப் பேண்டேஜ் துணியால் கட்டினேன். எங்கள் ஊர்த் துணி.

நாலாம் நாள் குழாயை எடுத்ததும் அந்த அக்கா கரகரத்த குரலில் கேட்டார்: “தோப்புல வச்ச என் தூக்குவாளி எங்க?”

கண்ணாடி ஏன் உடைந்தது என்று எனக்கு மெமோ வந்தது. அக்கா எப்படிப் பிழைத்தார் என்று கேட்டு ஒன்றும் வரவில்லை. “கேமரா உள்ளே இருந்தது, நோயாளி வெளியே இருந்தார்” என்று பதில் கொடுத்தேன்.

பீரோவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. பெரிய டாக்டரிடமே சாவி வாங்கி, அதற்குள் சந்தனக் கிண்ணத்தை வைத்துப் பூட்டினேன். கேமரா அவசர மருந்துத் தள்ளுவண்டியில் இருக்கிறது. பயிற்சிப் பொம்மையின் தொண்டையில் அதைப் பழகுவதற்கான பட்டியலை இன்று காலை சுவரில் ஒட்டிவிட்டேன். முதல் பெயர் பெரிய டாக்டருடையது.