காசு திரும்பி விழும் டெலிபோன்

என் கையெழுத்தைப் படிப்பதற்குச் சிரமப்படுவீர்கள். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சாமான் இறக்கியதற்குக் கையெழுத்துப் போடத்தான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை. வாயால் சொல்லலாம் என்றால், பேச்சில் நான் இன்னும் மோசம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். குடும்பக்காரர்கள் ஆங் மோ கியோவில் அரசாங்க வீடு கிடைத்துப் போனார்கள். நான் தனி ஆள்; தனி ஆளுக்கு அரசாங்க வீடு கிடையாது. என்னிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதில்தான் வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பேரை அடுக்குமாடி வீடுகளில் குடிவைத்துவிட்டு நான் வேனிலேயே குடியேறினேன்.

பின்பக்கம் ஒரு மெத்தை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கயிற்றில் நாலு சட்டை. சாங்கி கடற்கரையில் நிறுத்திக்கொள்வேன். சனி ஞாயிறுகளில் அங்கே குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்கும். அவர்களுக்கு நடுவில் நானும் உல்லாசமாக வந்தவன்போல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். திங்கட்கிழமை அவர்கள் போய்விடுவார்கள்.

கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். வேனில் இருப்பவனை வேலைக்கு எப்படிக் கூப்பிடுவது?

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் இருந்த மளிகைக் கடையில்தான் வேன்காரர்களுக்கான வேலைகள் பதிவாகும். கடை முதலாளி அதைப் பக்கத்தொழிலாக வைத்திருந்தார். டெலிபோன் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பாள். முப்பதைத் தொட்டவள். சீக்காளி அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போனவள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும். அந்த வருஷம் முழுவதும் என் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

டெலிபோன் விஷயத்துக்கு நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாங்கியில் ஒரு சீனர் காப்பிக் கடையில் காசு போடும் டெலிபோன் இருந்தது. மறுமுனையில் எடுக்காவிட்டால் பத்துக் காசு திரும்பி விழுந்துவிடும். நான் கடைக்கு அடிப்பேன். மணி இரண்டு தடவை அடித்ததும் வைத்துவிடுவேன்; அதுவரை அவள் எடுக்கக்கூடாது. சாங்கியில் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தம். வேலை இருந்தால் அவள் காப்பிக் கடைக்காரரின் சொந்த டெலிபோனுக்குக் கூப்பிட்டு மலாயில் சொல்லிவிடுவாள். அவர் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைப்பார். எனக்கு ஒரு காசு செலவில்லை.

இதைச் சொன்ன அன்று அவள் சிரித்துவிட்டாள்.

"நல்ல ஐடியாவா இருக்கே. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நானா யோசிச்சேன்" என்றேன். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன்.

அந்தக் கடைக்கு இன்னொரு வேன்காரனும் இருந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அண்ணன் வீட்டில் இருந்தான். அவன் திடீரென்று ஒரு நாள் இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டு வந்தான். தெரிய வேண்டும் என்பதற்காகவே சட்டையை உள்ளே விட்டிருந்தான். அந்தக் காலத்துப் பேஜரில் எழுத்து, நம்பர் எதுவும் வராது. பீப் என்று கத்தும், அவ்வளவுதான். கத்தினால் கடைக்குப் போன் செய்து என்னவென்று கேட்க வேண்டும்.

"மாச வாடகை கட்டி, கத்துற பெட்டி ஒண்ணு வாங்கியிருக்கான்" என்று அவன் காதுபடவே சொன்னேன்.

"உங்களுக்கு ஏண்ணே வயிறு எரியுது?" என்றான். "நீங்க காப்பிக் கடையிலயே குந்தியிருக்கணும். நான் எங்க வேணா போவேன் லா."

வயிறு எரிந்தது உண்மை. முதலில் அந்தப் பெட்டிமீதுதான் பொறாமை என்று நினைத்தேன். பிறகு அவனுக்கு வேலை அதிகம் போகிறது என்று நினைத்தேன். அதுவும் இல்லை; அவள் ஒன்றுவிட்டு ஒன்றாக இருவருக்கும் சமமாகத்தான் பிரித்துக் கொடுத்தாள்.

ஒரு பெரிய குடும்பத்துக்கு இரண்டு வேன் வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிய அன்றுதான் எனக்கு விளங்கியது. பழைய வீட்டின் அலமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கிக்கொண்டிருந்தோம். அவன் இடுப்பு கத்தியது. அலமாரியை என் தோளில் சாய்த்துவிட்டுக் கீழே இருந்த டெலிபோனுக்கு ஓடினான்.

"என்னம்மா, கூப்டியா? ... ஈசூனா? நாளைக்கா? சரி சரி. அம்மாவுக்கு ஜுரம் விட்டுச்சா? ... நீ சாப்டியா? ... பொய் சொல்லாத, குரலே சரியில்ல."

நான் அலமாரியைத் தாங்கிக்கொண்டு படியில் நின்றேன். அவனுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கத்தும். நாலைந்து தடவை அவளோடு பேசுவான். அவள் அம்மாவுக்கு ஜுரம் என்பதே எனக்குத் தெரியாது. மணி இரண்டு தடவை அடிக்கும்வரை அவள் எடுக்கவே கூடாது என்று ஏற்பாடு செய்து, அவள் குரல் என் பக்கம் வராதபடி அடைத்துவிட்டவன் நானேதான். அவள் எனக்காகப் பேசிய பேச்செல்லாம் அந்தக் காப்பிக் கடைக்காரர் காதுக்குப் போனது. சில நாட்கள் அவர்மீதுகூடப் பொறாமைப்பட்டேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர், பாவம்.

அடுத்த வாரமே பேஜர் வாடகைக்கு விடும் இடத்துக்குப் போனேன். விண்ணப்பத்தில் வீட்டு முகவரி கேட்டார்கள். வேனின் நம்பரை எழுதலாமா என்று கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். வெளியே வந்துவிட்டேன்.

பேஜர் இல்லாவிட்டால் என்ன, மூன்றாவது மணி இருக்கிறதே என்று தோன்றியது. சொல்ல வேண்டியதை மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வியாழக்கிழமை மத்தியானம் நாலு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. காசைப் போட்டு அடித்தேன். ஒன்று. இரண்டு. கை தன்னால் கீழே போனது, பிடித்து நிறுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தாள். காசு உள்ளே விழுந்தது.

"ஹலோ?"

"நான்தான். சாங்கியிலேர்ந்து."

"ஐயோ, என்னாச்சு? எங்கயாவது இடிச்சிட்டீங்களா?"

"இல்ல இல்ல. ஒண்ணும் ஆகல."

"அப்ப ஏன் இவ்ளோ நேரம் அடிச்சீங்க? நான் பயந்தே போயிட்டேன்."

"சும்மாதான். ... சாப்டீங்களா?"

"மணி நாலாகுது. இப்ப என்ன சாப்பாடு?" என்று சிரித்தாள்.

அவள் பக்கத்தில் அவனுடைய குரல் கேட்டது. "யாரு?" என்றான். அவள் வாயை டெலிபோனிலிருந்து திருப்பிப் பதில் சொன்னாள்.

"ஒண்ணுமில்லங்க. நம்ம சாங்கி அண்ணன்தான்."

அதுவரைக்கும் அவள் அவனைத்தான் அண்ணே என்று கூப்பிடுவாள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாள், அவ்வளவுதான். அதை நான் எனக்குச் சாதகமாக எடுத்து வைத்திருந்தேன். இப்போது அவன் வெறும் 'ங்க' ஆகிவிட்டான். நான் அண்ணன் ஆகிவிட்டேன்.

"வேலை இருந்தா சொல்லுங்க" என்று சொல்லி வைத்தேன். மறுநாள் பழையபடி இரண்டு மணியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் அவர்களுக்குக் கல்யாணம். ஈசூனில் வீடு கிடைத்தது. மாப்பிள்ளை சொந்த வேனில் பெண்வீட்டுச் சாமான் ஏற்றக்கூடாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்களாம். அந்த வேலை எனக்கு வந்தது. தையல் மிஷின், இரண்டு டிரங்குப் பெட்டி, பித்தளை அண்டா. எதிலும் ஒரு கீறல் விழாமல் கொண்டு சேர்த்தேன். அண்டாவை மட்டும் வழியில் நிறுத்தித் துணியால் துடைத்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டு வாசலில் அவள் எனக்குக் காப்பி கொடுத்தாள்.

"ஆமா, அன்னைக்கு எதுக்கு அவ்ளோ நேரம் மணி அடிச்சீங்க? நான் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்."

அவன் உள்ளே விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். கேட்டால் கேட்கட்டும்; உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"போன் ரிப்பேரான்னு பாத்தேன்" என்றேன்.

"அப்படியா?" என்றாள். காப்பிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவன் கூப்பிட்டான், போனாள்.

அவள் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இத்தனை வருஷம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் நல்லவன். அவள் அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டான். ஒரு குறையும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். ஈசூன் பக்கம் வேலை வந்தால் இப்போதும் நான் அவர்கள் இருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் வழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, 20 ஆகஸ்ட் 1989.